படகு கிளம்பியாச்சு

இது தூண்டில் இல்லைங்க சார், ஏரியல். கண்ணுல குத்தாது, நுனியில துணி சுத்தி வெச்சிருக்கேன். இப்படி ஜன்னல் பக்கமா சாய்ச்சுக்கறேன், உங்களுக்கு இடைஞ்சலா இருக்காது. கண்டக்டர் டிவி ஏரியலான்னு கேட்டாரு. இந்தக் காலத்துல எவன் சார் மாடியில ஏறி டிவி ஏரியல் கட்டறான். இது ஹாம் ரேடியோவுக்கு. கேள்விப்பட்டிருக்கீங்களா? அதான், யாருமே கேள்விப்பட்டதில்லை. புயல், வெள்ளம்னு வந்து செல்போன் டவரெல்லாம் படுத்துக்கிச்சுன்னா எங்க செட்டு மட்டும்தான் பேசும். சம்பளம் கிடையாது. பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, சொந்தச் செலவுல செட்டு வாங்கி வெச்சுக்கிட்டு, மழை எப்ப வரும்னு வானத்தையே பார்த்துக்கிட்டு இருக்கிற கூட்டம். பைத்தியக்காரக் கூட்டம்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க. சொல்லட்டும்.

நீங்க எங்க போகணும்? மாம்பட்டு கூட்ரோடா. அப்ப எனக்கு அடுத்த ஸ்டாப்புதான். நான் கொண்டையந்தல்ல எறங்கணும்.

பெரிய விஷயம் ஒண்ணும் இல்லை சார். அங்க எங்க கிளப்போட ஸ்டேஷன் ஒண்ணு இருக்கு. ஏரியல்ல ஏதோ கோளாறுன்னு தோணுது. பார்த்துட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிடுவேன். திரும்பித்தான் ஆகணும். டவுன்ல கல்யாண மண்டபத்துல இன்னிக்குப் பயிற்சி நடந்துக்கிட்டிருக்கு. சுத்துப்பட்டு ஊர்ல உள்ள அத்தனை ஸ்டேஷனும் எனக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கு. நான் போய் வாயைத் திறக்கிற வரைக்கும் ஒருத்தரும் பேசக்கூடாது. பேசமாட்டாங்க. அது எங்க முறை. நடுவுல உக்காந்து எல்லாரையும் பேசவிடறது, நிறுத்தறது, பதில் சொல்றது எல்லாம் ஒரே ஆளு. நெட் கன்ட்ரோல்னு பேரு. அது நான்தான். போன் ஆபீஸ்ல சூப்பர்வைசரா இருந்து ரிடையர் ஆனவன். பரசுராமன்னா டவுன்ல தெரியும்.

நடுவுல எழுந்து வரக்கூடாதுதான். முஸ்தபாவும் அதான் கேட்டாரு. முஸ்தபா எங்க கிளப் செக்ரட்டரி. 'எங்க சார் போறீங்க, எல்லாரையும் ஸ்டாண்ட் பைல போட்டுட்டு?'ன்னாரு. ஸ்டாண்ட் பைன்னா, நான் சொல்றவரைக்கும் இருந்த இடத்துல காத்திருங்கன்னு அர்த்தம். 'இதோ வந்துடறேன்'னு சொல்லிட்டு வந்துட்டேன். ஏரியல் கோளாறா இருந்தா நான்தானே பார்க்கணும்.

கோளாறு இல்லாம இருக்கவும் வாய்ப்பிருக்கு. குரல் நல்லா தெளிவாத்தான் வந்துச்சு. அதுதான் சார் பிரச்சினை.

கொண்டையந்தல் ஸ்டேஷனை நடத்துறது அஞ்சுகம்னு ஒரு பொண்ணு. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்குது. ஊருக்கு ஒரு ஆளு எடுத்துப் பயிற்சி குடுக்கலாம்னு நாங்க நோட்டீஸ் ஒட்டினப்ப, மத்த ஊருலேருந்தெல்லாம் தலைவரோட மச்சான், தலைவரோட அக்கா பையன்னு வந்து நின்னாங்க. பாதிப் பேரு செல்போன் இலவசமாக் குடுப்பாங்கன்னு நினைச்சு வந்தவங்க. இந்த ஊருலேருந்து இது வந்துச்சு, புருஷனையும் கூட்டிக்கிட்டு. தணிகாசலம்னு பேரு, செங்கல் லாரிக்கு லோடு ஏத்தற ஆளு. அவன் உள்ள வராம வாசல்லயே நின்னுக்கிட்டு, 'சார், இவ பேசுற பேச்சுக்கு ரேடியோ எதுக்கு? மாடியில நிக்க வெச்சீங்கன்னா டவுனுக்கே கேக்கும்'னான். அது திரும்பி ஒரு முறை முறைச்சுது பாருங்க. எங்க எல்லாருக்கும் சிரிப்பு.

ஆனா கெட்டிக்காரப் பொண்ணு சார். முதல் பரீட்சையிலயே பாஸ் பண்ணிச்சு. பள்ளிக்கூடத்துப் பக்கத்துல ஒரு பனைமரம் இருக்கு, அதுல ஏறி ஏரியல் கட்டினது தணிகாசலம்தான். மேல இருந்துக்கிட்டே, 'இதுல சினிமாப் பாட்டு வராதா சார்?'னு கேட்டான். 'வராதுப்பா, ஆபத்து வந்தாத்தான் இது பேசும்'னேன். 'அப்ப இது பேசாமலே இருக்கட்டும் சார்'னு சொல்லிட்டு எறங்கி வந்தான். நல்ல பையன். எப்பப் போனாலும் நுங்கு வெட்டிக் குடுப்பான்.

முதல் பயிற்சியிலதான் ஒரு தப்பு நடந்துபோச்சு. பயிற்சின்னா என்னன்னா, நெசமா ஒண்ணும் நடந்திருக்காது. நடந்த மாதிரி வெச்சுக்கிட்டு சேதி சொல்லணும். அதனால ஒவ்வொரு சேதிக்கும் முன்னாடி 'பயிற்சி, பயிற்சி, பயிற்சி'ன்னு மூணு தடவை சொல்லணும். உலகம் பூரா இப்படித்தான். இது அதை மறந்துட்டு, 'கல்யாண வேன் கவுந்துடுச்சு, நிறையப் பேருக்கு அடி, ஆம்புலன்ஸ் வேணும்'னு பேசிடுச்சு. எவனோ அதைக் கேட்டுட்டு நெசமாவே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுட்டான். வண்டி போய் ஊரெல்லாம் சுத்தி வேனைத் தேடுது. மேலிடத்துலேருந்து ஒரு அதிகாரி என்னைக் கூப்பிட்டு வாங்கு வாங்குன்னு வாங்கினாரு பாருங்க. லைசென்ஸே போயிடும்னாரு. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. என் சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்கினதில்லை சார் நான்.

விட்டேனா? அந்தப் பொண்ணை எல்லாருக்கும் நடுவுல நிக்க வெச்சேன். 'மைக்கைக் கையில எடுத்தா உன் வாயில வர்ற மொத வார்த்தை அதுவாத்தான் இருக்கணும். தூக்கத்துல எழுப்பி மைக்கைக் குடுத்தாலும் அதான் வரணும்'னேன். அதுக்குக் கண்ணுல தண்ணி நிக்குது. சொல்லு, சொல்லுன்னு சொல்ல வெச்சேன். தொண்டை கட்டற வரைக்கும் சொல்லிச்சு. அப்புறம் வீட்டுலயும் பழகு, கரண்டியைப் பிடிச்சுக்கிட்டுப் பழகுன்னு சொல்லி அனுப்பினேன். அதையும் செஞ்சிச்சு சார். அடுத்த வாரம் வந்து, 'சார், இப்ப சாம்பார் ஊத்தக் கரண்டியை எடுத்தாலே வாயில பயிற்சின்னு வருது, பிள்ளைங்கல்லாம் தட்டை நீட்டிக்கிட்டு அவங்களும் மூணு தடவை சொல்றாங்க'ன்னு சொல்லிச் சிரிச்சுது. எனக்கு அவ்வளவு பெருமை. என் கிளப்புல அதைப் போல முறை தெரிஞ்ச ஆளு ஒருத்தர் கிடையாது.

நெசமாவே ஆபத்து வந்தா என்ன சொல்லணும்னும் சொல்லிக் குடுத்திருக்கேன். குடுக்காம இல்லை. 'இது பயிற்சி அல்ல'ன்னு சொல்லணும். ஒரு தடவை போர்டுல எழுதிப் போட்டேன். அதைப் பழக வைக்கலையான்னு அப்புறம் பல பேரு கேட்டாங்க. அதை எதுக்கு சார் பழகணும்? நெசமா தண்ணி வந்தா அது தானா வராதா வாயில? நீங்களே சொல்லுங்க.

யம்மா, அந்தப் பையைக் கொஞ்சம் உள்ள தள்ளிக்கோங்க, கம்பி மாட்டிக்குது.

போன வருஷம் பயிற்சி கார்த்திகை மாசத்துல வந்துச்சு. ரெண்டு நாளா விடாத மழை. தள்ளி வைக்கலாமான்னு முஸ்தபா கேட்டாரு. மழைக்காகத்தானய்யா பயிற்சி, மழைக்குப் பயந்து தள்ளி வெச்சாக் கேக்கறவன் சிரிப்பான்னேன். அன்னிக்குக் காலையில டவுன்ல பளிச்சுன்னு வெயில். மண்டபம் பூரா ஆளுங்க. வாசல்ல தீயணைப்புக்காரங்க ரெண்டு ரப்பர் படகைக் காத்தடிச்சு வெச்சிருந்தாங்க, ஜனங்க பார்க்கறதுக்கு. பிள்ளைங்க உள்ள ஏறி உக்காந்து போட்டோ எடுத்துக்கிட்டாங்க.

எந்த ஊர்ல என்ன நடந்ததா வெச்சுக்கணும்னு முன்னாடியே சொல்லியிருவேன். கொண்டையந்தலுக்கு, மதகுகிட்ட ஏரிக்கரை உடைப்பு, பள்ளத்தெருவுல தண்ணின்னு குடுத்திருந்தேன். ஏன்னா அந்த மதகுப் பக்கம் கரை பலமில்லைன்னு ஊருக்கே தெரியும். அஞ்சுகமே சொல்லியிருக்கு. அதனாலதான் அதைக் குடுத்தேன். நெசத்துக்குப் பக்கத்துல இருக்கணும் சார் பயிற்சின்னா.

இன்னொரு முறையும் வெச்சிருந்தேன். பயிற்சியன்னிக்குப் போன் வேலை செய்யாதுன்னு வெச்சுக்கணும் இல்லையா? எல்லாருடைய செல்போனையும் வாங்கி ஒரு மூங்கில் கூடையில போட்டு ஓரமா வெச்சிட்டேன். நடுவுல கூடை உறுமிக்கிட்டே இருந்துச்சு. முஸ்தபா ரெண்டு தடவை எழுந்தாரு. 'உக்காருங்க, டவர் விழுந்துபோச்சு'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் உக்காந்துட்டாரு. இப்ப வந்து, நான் அன்னிக்கே எழுந்தேனேங்கறாரு.

என் முன்னாடி ஒரு பெரிய மேஜை. அதுல ஊர் ஊரா வரைஞ்ச படம். ஆம்புலன்ஸுக்கு சிவப்பு அட்டை, படகுக்கு நீல அட்டை. யாராவது படகு கேட்டா, அந்த அட்டையை எடுத்து அந்த ஊர் மேல வெச்சுட்டு, படகு கிளம்பியாச்சுன்னு பதில் சொல்லணும். எங்கயும் அப்படித்தான் சார். நெசப் படகை அனுப்பிக்கிட்டு இருக்க முடியுமா?

கொண்டையந்தல் கூப்பிட்டுச்சு. 'பயிற்சி, பயிற்சி, பயிற்சி. மதகுகிட்ட கரையில தண்ணி கசியுது. கசிவு பெருசாகுது. ஓவர்.' தொடர்ந்து கவனிங்கன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும். 'பயிற்சி, பயிற்சி, பயிற்சி. கரை உடைஞ்சிடுச்சு. பள்ளத்தெருவுல முழங்கால் தண்ணி. கரண்ட் இல்லை, போன் இல்லை. படகு வேணும். ஓவர்.' நான் குடுத்தது அப்படியே வார்த்தைக்கு வார்த்தை வருது. ரெண்டு நீல அட்டையை எடுத்து வெச்சேன். 'ரெண்டு படகு கிளம்பியாச்சு, காத்திருங்க'ன்னேன். 'ரோஜர்'னு சொல்லிச்சு. ரோஜர்னா கேட்டுக்கிட்டேன்னு அர்த்தம், ஓவர்னா நான் முடிச்சுட்டேன், நீங்க பேசுங்கன்னு.

அப்புறம் ஒரு சேதி. 'பள்ளத்தெரு ஆளுங்களைக் கைகோத்துப் பிடிச்சு ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமான்னு தணிகாசலம் கேக்குறாரு. இப்பன்னா நடக்க முடியுமாம். ஓவர்.' நல்ல கேள்வி சார். இதை நான் குடுக்கவே இல்லை, அதுவா யோசிச்சுக் கேக்குது. பயிற்சியைப் பார்க்க வந்து பக்கத்துல உக்காந்திருந்த அதிகாரிகிட்ட, 'பாருங்க சார், எவ்வளவு தத்ரூபமாப் பேசுது'ன்னேன். ஓடுற தண்ணியில ஜனங்களை எறக்கக் கூடாது, படகுக்காக உசரமான இடத்துல காத்திருக்கணும். புத்தகத்துலயே இருக்கு. 'யாரும் தண்ணியில எறங்க வேண்டாம், ரேஷன் கடை மாடியில ஏத்துங்க, படகு வந்துக்கிட்டிருக்கு'ன்னேன். அப்புறம் 'ரோஜர்'.

நான் சொன்னதுல என்ன சார் தப்பு? நெசமாவே வெள்ளம்னு தெரிஞ்சிருந்தாலும் அதைத்தானே சொல்லியிருப்பேன்? படகு மட்டும்தான் சார் இல்லை. மத்ததெல்லாம் சரியாத்தான் சொன்னேன்.

அதுக்கப்புறம் குரல் நடுங்க ஆரம்பிச்சுது. இடுப்பளவு தண்ணி, ஆடெல்லாம் மிதக்குது, ஜனங்க மாடியில நிக்கறாங்கன்னு. யாரு எப்படிப் பேசறாங்கன்னு ஊருக்கு ஊரு மார்க் உண்டு, ஆடு மிதக்கறதுக்கு நான் தனியா மார்க் போட்டேன். மத்த ஊர்க்காரங்க எல்லாம் பாடம் ஒப்பிக்கற மாதிரி பேசினாங்க. இது ஒண்ணுதான் நெஞ்சுல அடிக்கற மாதிரி பேசிச்சு. கேட்டுக்கிட்டிருந்தவங்களே அசந்துபோனாங்க.

அப்புறம் முறை தப்பி ஒண்ணு பேசிச்சு. 'சார், பள்ளிக்கூடத்துலேருந்து பார்த்தா ரேஷன் கடையை மரம் மறைக்குது. எங்க வீட்டுக்காரர் கீழதான் நின்னுக்கிட்டு ஏத்திவிடறாராம். நான் ஒரு எட்டு ஓடிப் பார்த்துட்டு வந்துடட்டுமா சார்?'னு. ரேடியோவுல சார் போடக்கூடாது. அதுக்கு அரை மார்க் குறைச்சேன். நெட் கன்ட்ரோல் விடுவிக்கற வரைக்கும் ஆபரேட்டர் ஸ்டேஷனை விட்டு நகரக்கூடாது. இது முதல் பாடம். 'ஸ்டேஷனை விட்டு நகராதீங்க. நீங்க போயிட்டா ஊருக்கு வாயே இல்லாமப் போயிடும்'னேன். நல்லா சொன்னீங்கன்னு அந்த அதிகாரியே சொன்னாரு. 'ரோஜர்'னு சொல்லிச்சு அஞ்சுகம்.

கடைசியா ஒரு தடவை, 'படகு எங்க வருது?'னு கேட்டுச்சு. 'வழியில இருக்கு'ன்னேன்.

மதியத்துக்கு முன்னாடி பயிற்சியை முடிச்சோம். நான் மைக்குலயே மார்க்கைச் சொன்னேன். கொண்டையந்தல் முதலிடம், பிரமாதமான நடிப்பு, எல்லாரும் கைதட்டுங்கன்னு மைக்கைக் கூட்டத்துப் பக்கம் திருப்பினேன். நல்லாத் தட்டினாங்க. அஞ்சுகத்துக்கும் கேட்டிருக்கும்னுதான் நினைக்கிறேன். அதுகிட்டேருந்து பதில் வரலை. பேட்டரி போயிருக்கும்னு விட்டுட்டோம். சாப்பிட உக்காந்தோம். கேசரி போட்டாங்க.

பாதிப் பந்தியில பால் வண்டி ஓட்டற ஒரு ஆளு மண்டபத்துக்குள்ள வந்தான். இடுப்பு வரைக்கும் சேறு. எல்லாரையும் பார்த்துட்டு, 'படகு இங்கயா சார் இருக்கு?'ன்னு கேட்டான். 'வாசல்ல இருக்கு, போய்ப் பாரு'ன்னு ஒருத்தர் சொன்னாரு. அவனும் படகு பார்க்க வந்தவன்னு நினைச்சுட்டாரு. 'கொண்டையந்தல்ல ஜனங்க மாடியில நின்னுக்கிட்டு, கிளம்பிடுச்சு கிளம்பிடுச்சுன்னு ரோட்டைப் பார்த்துக்கிட்டிருக்காங்க சார். இது இன்னும் இங்கயே கிடக்குது?'ன்னு கேட்டான்.

என் இலையில கேசரி அப்படியே இருந்துச்சு. கை கழுவினேனா, என்னன்னு ஞாபகம் இல்லை. லாரியில படகைத் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனாங்க. அதுக்குள்ள ரேஷன் கடைச் சுவரு ஒரு பக்கம் விழுந்துடுச்சு.

அவ்வளவு பெரிய உடைப்புல, அத்தனை ஜனத்துல, ஒரே ஒரு உயிர்தான் சார் போச்சு. அதைப் பேப்பர்லகூடப் பெருசாப் போட்டிருந்தாங்க, சேதம் குறைவுன்னு. எல்லாரையும் மாடிக்கு ஏத்திவிட்டுட்டு, ஏணியைப் பிடிச்சுக்கிட்டுக் கடைசியா நின்னவன் மேல சுவரு விழுந்துடுச்சு. தணிகாசலம்தான்.

எனக்கு வருத்தம் இல்லைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க சார். நான் சரியாச் சாப்பிடலைன்னு எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க. ஆனா வருத்தம் வேற, தப்பு வேற. விசாரணைன்னு ஒரு அதிகாரி வந்தாரு. நாலு பேரு நாலு விதமாப் பேசினாங்க. கூடையைப் பத்திப் பேசினாங்க, அட்டையைப் பத்திப் பேசினாங்க. அஞ்சுகத்தைக் கூப்பிட்டுக் கேட்டாரு. அது எழுந்து நின்னு, 'நான்தான் பயிற்சின்னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சொன்னேன். சொல்லக்கூடாதுன்னு தெரியும், மைக்கைத் தொட்டதும் வாயில அதுதான் வந்துச்சு. சார் மேல தப்பு இல்லை'ன்னு சொல்லிச்சு. எவ்வளவு நேர்மையான பொண்ணு பாருங்க. அதிகாரி என் பக்கம் திரும்பினாரு. நான் தலையாட்டினேன். அது சொன்னது உண்மைதானே? உண்மைக்குத் தலையாட்டாம வேற என்ன பண்றது?

முஸ்தபா அதுக்கப்புறம் ஒரு மாசம் என்கூடப் பேசலை. இன்னிக்கு வரைக்கும் ஏன்னு சொல்லலை.

காரியத்துக்குப் போயிருந்தேன் சார். போகாம இருப்பேனா? அஞ்சுகம் எனக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டுச்சு. மோர் குடுத்துச்சு. அழவும் இல்லை, ஒண்ணும் இல்லை. எனக்குத்தான் மனசு கேக்கலை. அதுக்கு விஷயம் புரியணுமேன்னு, பயிற்சி எப்படி நடக்கும், மேஜை எப்படி இருக்கும், நீல அட்டைன்னா என்ன, கிளம்பியாச்சுன்னு சொன்னா என்ன அர்த்தம்னு முதல்லேருந்து எடுத்துச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுக்கிச்சு. முழுசாக் கேட்டுட்டு, 'ரோஜர் சார்'னு சொல்லிச்சு. புரிஞ்சிடுச்சுன்னு நினைச்சேன். எனக்கும் பாரம் எறங்கின மாதிரி இருந்துச்சு.

அப்புறம் ஒரு வருஷமா ஒரு வார்த்தை கிடையாது. ஞாயித்துக்கிழமை காலையில நாங்க எல்லா ஊரையும் பேரு சொல்லிக் கூப்பிடுவோம். கொண்டையந்தல்னு நான் விடாம கூப்பிடுவேன். விட்டுடுங்க சார்னு முஸ்தபா சொல்லுவாரு. எப்படி சார் விடறது? செட்டு அங்கதானே இருக்கு. லைசென்ஸும் இருக்கு. நல்லாப் பழக்கின ஆளு. என் மேல கோவமா இருந்தா கோவத்தைச் சொல்லலாம். இல்லை, உங்க மேல கோவம் இல்லைன்னு சொல்லலாம். ரெண்டுல ஒண்ணு சொன்னா நான் நிம்மதியா இருப்பேன். இந்த மாதிரி சும்மா இருந்தா நான் என்னன்னு எடுத்துக்கறது?

இன்னிக்குக் காலையிலதான் பதில் சொல்லிச்சு சார். கொண்டையந்தல்னு கூப்பிட்டேன், 'கொண்டையந்தல் இருக்கேன்'னு வந்துச்சு. மண்டபத்துல அத்தனை பேரும் நிமிர்ந்து உக்காந்தாங்க. எனக்கு சந்தோஷம் தாங்கலை. சரியாப்போச்சு, பழசெல்லாம் மறந்துடுச்சுன்னு நினைச்சேன்.

இந்த வருஷம் குடுத்திருக்கிறது டவுன்ல பட்டாசுக் குடோன்ல தீவிபத்து. ஏரி, வெள்ளம்னு எதுவுமே கிடையாது. முஸ்தபா வேண்டாம்னுட்டாரு. பயிற்சி பாதி போயிருக்கும், கொண்டையந்தல் கூப்பிடுது. 'பயிற்சி, பயிற்சி, பயிற்சி. படகு கிளம்பிடுச்சா? ஓவர்.'

அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்லை.

திரும்பச் சொல்லுங்கன்னேன். திரும்பச் சொல்லிச்சு. அதே குரல், அதே நிதானம். நடுக்கமெல்லாம் இல்லை. நெட் கன்ட்ரோலைத் தவிர வேற யாரும் பதில் சொல்லக்கூடாது, அதனால எல்லாரும் என் வாயைப் பார்க்கறாங்க. வெளியில வெயில் மண்டையப் பொளக்குது. மழையாவது, வெள்ளமாவது. ஆனா போன தடவையும் இப்படித்தானே வெயில் அடிச்சுது. அதுக்குப் போன் போடலாம்னா, இந்த வருஷம் கூடை வைக்கலை, போன் கையிலதான் இருக்கு, ஆனா அதுகிட்ட போன் இருக்கான்னே எனக்குத் தெரியாது. 'ஸ்டாண்ட் பை'ன்னேன். எழுந்து வந்துட்டேன். ஏரியலை ஏன் எடுத்தேன்னு கேக்காதீங்க. கையில ஏதாவது வேணும்ல, வெறுங்கையோட எப்படி சார் போறது?

இதோ பாருங்க, இதான் கொண்டையந்தல் ஏரி. பார்த்தீங்களா, இந்த வருஷம் மழையே இல்லாம சொட்டுத் தண்ணி இல்லை. பசங்க நடுவுல கிரிக்கெட் ஆடறாங்க. மதகுகிட்ட கரையைக் கட்டிட்டாங்க போல. நல்லாக் கட்டியிருக்காங்க. அந்தப் பனைமரத்துக்குப் பின்னாடி தெரியுதே ஓட்டுக் கட்டடம், அதான் பள்ளிக்கூடம். ஏரியல் நேராத்தான் நிக்குது. அதுல ஒரு கோளாறும் இல்லை.

இருங்க, கைச்செட்டைப் போட்டுப் பார்க்கறேன். இவ்வளவு பக்கத்துல இதுலயே கேக்கும். சத்தம் ஜாஸ்தியா இருந்தா மன்னிச்சுக்கோங்க.

கேட்டீங்களா சார்? அதான். அதே கேள்வி. பயிற்சின்னு மூணு தடவையும் சொல்லிட்டுத்தான் கேக்குது, கவனிச்சீங்களா? இத்தனை நேரமா அங்கயே உக்காந்துக்கிட்டிருக்கு. பிள்ளைங்களுக்குச் சோறு ஆக்குற நாளா இருந்தா என்ன பண்ணும்? இன்னிக்கு லீவு, நல்லதாப்போச்சு.

இங்கேருந்து இந்தப் பட்டனை அமுக்கினா நான் பேசறது கேக்கும். கிளம்பியாச்சுன்னு சொல்லிடலாம். சொன்னா அப்புறம் எங்கேன்னு கேக்கும், வழியில இருக்குன்னு சொல்லணும், அதுக்கு முடிவே கிடையாது. கிளம்பலைன்னு சொன்னா, அத்தனை ஸ்டேஷனும் கேட்டுக்கிட்டிருக்கு சார். அப்படி ஒரு பதில் எங்க முறையில இல்லை. யாரும் யாருக்கும் சொன்னதில்லை. நீங்க படிச்சவர் மாதிரித் தெரியறீங்க, நீங்க என்ன சொல்லுவீங்க?

ஆமா, கண்டக்டர் என்னைத்தான் கேக்குறாரு. தெரியும், இதான் ஸ்டாப்பு. இருங்க, இருங்க. கம்பி மாட்டிக்கிச்சு. இல்லை, மாட்டலை. வேண்டாம் கண்டக்டர் சார், நீங்க விசில் குடுங்க, வண்டி போகட்டும். நான் அடுத்த ஸ்டாப்புல இவர்கூட எறங்கிக்கறேன். அங்கேருந்து திரும்பி நடந்து வந்துடுவேன், பக்கம்தான்.

மறுபடியும் கேக்குது பாருங்க. சத்தத்தைக் குறைச்சுக்கறேன். அணைக்க முடியாது சார், நெட் கன்ட்ரோல் செட்டை அணைக்கக் கூடாது. அது எங்கயும் போகாது, நீங்க கவலைப்படாதீங்க. நான் விடுவிச்சாத்தான் எழுந்திருக்கும். எத்தனை நாள் ஆனாலும் உக்காந்திருக்கும். அப்படித்தான் சார் பழக்கி வெச்சிருக்கேன்.